புகையும் பொதுப்பணமும்

முன்னுரை

"நெருப்பில்லாமல் புகையாது" என்பது நம்மவர் வழக்கு. நெருப்பு எரிய வேண்டும். ஆனால் புகை எழலாகாது. இது கூடுமா என்பதே குளிர்நாட்டு மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி.

அடுப்பு என்றதும் நமக்குச் சமையல்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஆண்டில் பல மாதங்கள் கடுங்குளிர் நிலவும் நாடுகளில் வீட்டைச் சூடாக வைத்திருப்பதும் சோற்றைப் போன்ற தேவையே. அங்கே பல வீடுகளின் கூடத்தில் இரும்பாலான பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் விறகு எரியும். புகை, குழாய் வழியே கூரைக்கு மேலே போகும். பெட்டியின் சூடு அறையில் பரவும். இதனைக் கணப்பு அடுப்பு என்று இக்கட்டுரையில் குறிப்போம்.

பழைய கணப்பு அடுப்பை அகற்றிவிட்டுத் தூய்மையான வேறொன்றை அமைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு, அந்தச் செலவில் ஒரு பகுதியைச் சில நாடுகளின் அரசுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஒருவர் தம் வீட்டு அடுப்பை மாற்றிக்கொள்ள ஊரார் வரிப்பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்? கொடுத்த பணம் பயன் தந்ததா? எந்த நிபந்தனைகளின் பேரில் தந்தது? பொருளியல் பயிலும் மாணவருக்கு இயல்பாக எழும் இம்மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விறகு எரியும் விதம்

விறகு நேரே எரிவதாக நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. சூடேறும்போது முதலில் விறகிலுள்ள ஈரம் ஆவியாகிறது. பிறகு மரம் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களை வெளியிடுகிறது. நாம் காணும் சுவாலை இந்த வாயுக்கள் எரிவதால் உண்டாவதே. இறுதியில் எஞ்சும் கரி, தணலாகக் கனன்று அடங்குகிறது.

வாயுக்கள் முற்றும் எரிய வேண்டுமானால் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பமும் போதிய காற்றும் தேவை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவை எரியாமலே புகைபோக்கியில் ஏறுகின்றன. போகும் வழியில் குளிர்ந்து, ஒரு பகுதி தாராகக் குழாயின் உட்சுவரில் படிகிறது. மற்றொரு பகுதி நுண்துகள்களாகக் காற்றில் கலக்கிறது. ஆகவே புகை என்பது எரியாமல் வீணான விறகே அன்றி வேறில்லை. புகைக்கும் அடுப்பு ஊருக்கு மட்டுமல்ல, விறகு வாங்கியவருக்கும் நட்டமே செய்கிறது.

பழைய அடுப்புகளில் இக்குறை மிகுதி. இரவு முழுவதும் கணப்பு நீடிக்க வேண்டும் என்று படுக்கப் போகுமுன் விறகை நிறைய அடுக்கிக் காற்றுத் திறப்பை மூடிவிடுவார்கள். சுவாலை அடங்கும், விறகு விடியும்வரை புகைந்துகொண்டிருக்கும். விறகு பச்சையாக இருந்தால் கேடு இரட்டிப்பாகும். அப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கக்கூடும். அந்நீரை ஆவியாக்கவே பெரும் வெப்பம் செலவாகிவிடும். எனவே ஈரம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கும்படி விறகை உலர்த்திய பிறகே எரிக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறார்கள்.

விறகுப் புகையில் உள்ள துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான் என்பதை ஒப்பிட்டால் இவற்றின் நுண்மை விளங்கும். மூக்கும் தொண்டையும் இவற்றைத் தடுத்து நிறுத்த இயலாது. நுரையீரலின் ஆழத்தை அடைந்து, மூச்சு நோய்களையும் இதய நோய்களையும் இவை கடுமையாக்குகின்றன. புகையுடன் கார்பன் மோனாக்சைடு, பென்சீன், பார்மால்டிகைடு முதலியனவும் வருகின்றன.

புதிய அடுப்புகளில் வெப்பத்தைக் காக்கும் செங்கல் பூச்சும், வாயுக்களை எரிக்க இரண்டாவது காற்று வழியும் அமைத்திருக்கிறார்கள். சிலவற்றில் குறைந்த வெப்பத்திலேயே வாயுக்களை எரியச் செய்யும் வினையூக்கி உண்டு. அமெரிக்க அரசு 1988 இல் முதன்முதலாகக் கணப்பு அடுப்புகளுக்குப் புகை வரம்பு விதித்தது. 2015 இல் அதைத் திருத்தி, 2020 முதல் விற்கப்படும் புதிய அடுப்பு அதற்கென வகுத்த சோதனையில் மணிக்கு 2 கிராமுக்கு மேல் துகள் வெளியிடலாகாது என்றது. சில சோதனை முறைகளுக்கு இவ்வரம்பு 2.5 கிராம்.

ஆயினும் சட்டம் புதிய அடுப்பைத்தான் கட்டுப்படுத்தும். வார்ப்பிரும்பு அடுப்போ எளிதில் சாவதில்லை. நாற்பது ஆண்டுகள்கூட உழைக்கும். பழையது தானாக ஒழியட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை புகையிலேயே வளர்ந்துவிடும். மானியத்தின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

பள்ளத்தாக்கின் மூடி

பகலில் நிலத்தை ஒட்டிய காற்று சூடாகி மேலெழும். புகையும் அதனோடு எழுந்து கலைந்துவிடும். குளிர்கால இரவில் நிலை மாறுகிறது. நிலம் விரைந்து குளிர்கிறது. அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, மலைச்சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அதன்மேல் சூடான காற்று ஒரு பானைக்கு மூடிபோல் அமைகிறது. இதனை வெப்பத் தலைகீழ்மாற்றம் என்பர். அந்த மூடியின்கீழ் எல்லா வீட்டுப் புகைபோக்கிகளும் ஒரே நேரத்தில் புகைந்தால், புகை போக வழியின்றி ஊரின்மேலேயே தங்கிவிடுகிறது. எந்த இரவில் கணப்பு மிகவும் தேவையோ அந்த இரவில்தான் புகையும் கலையாமல் நிற்கிறது என்பதே இதன் கொடுமை.

யார் தலையில் விழும் செலவு?

விறகு வாங்குபவர் விறகுக்கு விலை கொடுக்கிறார். ஆனால் அவர் வீட்டுப் புகையால் அடுத்த வீட்டு முதியவர் மருத்துவமனைக்குப் போனால் அச்செலவு விறகின் விலையில் சேர்வதில்லை. செய்பவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்னும் இந்நிலையைப் பொருளியலார் புறவிளைவு என்பர். ஆங்கிலப் பொருளியல் அறிஞர் பிகு 1920 இல் வெளியிட்ட நலப் பொருளியல் பற்றிய நூலில் இதற்கு எடுத்துக்காட்டாகத் தொழிற்சாலைப் புகைபோக்கியின் புகையையே காட்டினார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

புறவிளைவைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு: தடை செய்யலாம், வரி விதிக்கலாம், மாற்றிக்கொள்ளப் பணம் கொடுக்கலாம். தொழிற்சாலை முதலாளிக்கு முதல் இரண்டும் பொருந்தும். குளிரில் நடுங்கும் ஏழைக் குடும்பத்திடம் "அடுப்பை அணை" என்று மட்டும் சொன்னால் அது நீதியாகாது. மானியம் என்பது அடுப்புக்காரருக்குச் செய்யும் தருமம் அன்று. ஊர் தனக்காக வாங்கும் தூய காற்றுக்கு ஊர் கொடுக்கும் விலை. இதுவே நம் முதல் வினாவுக்கு விடை.

முன்னோடியான லண்டன்

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரை நிலக்கரிப் புகைமூட்டம் சூழ்ந்தது. அதனால் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்று அக்காலத்தில் கணக்கிட்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் இத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்றன. அதன் விளைவாக 1956 இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. புகை கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்க உள்ளாட்சி மன்றங்களுக்கு அச்சட்டம் அதிகாரம் அளித்தது. அப்பகுதியில் வாழும் குடும்பம் தன் கணப்பை மாற்றியமைக்க ஆகும் நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கை ஈடுசெய்யவும் வழி செய்தது. தடையும் உதவியும் கைகோத்து வர வேண்டும் என்னும் பாடத்தை உலகு இங்கிருந்தே கற்றது எனலாம்.

லான்செஸ்டன் நகரம்

நிலக்கரியை விட்டு விறகுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் தெற்கே டாஸ்மேனியாத் தீவில் உள்ளது லான்செஸ்டன். டாமர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த இந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 67,000. நம் ஆடி மாதம் அவர்களுக்குக் குளிர்காலம். தீவில் காடு மிகுதியாதலால் விறகும் தாராளம். 2001 ஆம் ஆண்டளவில் அந்நகரில் நூற்றுக்கு 66 வீடுகள் விறகாலேயே கணப்புக் கண்டன. பள்ளத்தாக்கின் மூடியும் சேர்ந்துகொள்ள, குளிர்காலக் காற்று கெட்டது.

2001 முதல் மூன்று வகை முயற்சிகள் அங்கு நடந்தன. புகையின் கேட்டை மக்களுக்கு விளக்கினார்கள், விதிகளைச் செயற்படுத்தினார்கள், அடுப்பை மாற்றுவோருக்கு மானியம் கொடுத்தார்கள். மானியத் திட்டத்துக்கான தொகை ஏறத்தாழ 20 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர். மாறிய வீடுகளில் பெரும்பாலானவை மின்சாரக் கணப்புக்குச் சென்றன. டாஸ்மேனியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம் என்பதால், ஓரிடத்துப் புகையை மற்றோரிடத்துக்குத் தள்ளிவிட்ட குற்றமும் இதில் நேரவில்லை.

விறகைப் பயன்படுத்தும் வீடுகள் 66 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைந்தன. குளிர்காலத்தில் 10 மைக்ரானுக்குட்பட்ட துகள்களின் சராசரி அளவு, முயற்சிக்கு முன் கன மீட்டருக்கு 44 மைக்ரோகிராமாக இருந்தது. பின்னர் 27 ஆயிற்று.

காற்று தெளிந்தது சரி; உயிர்கள் பிழைத்தனவா? 1994 முதல் 2007 வரையிலான இறப்புக் கணக்கை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2013 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. 2001 க்குப் பின் ஆண்களின் மொத்த இறப்பு விகிதம் 11.4 சதவீதமும், இதய நோய் இறப்பு 17.9 சதவீதமும், மூச்சு நோய் இறப்பு 22.8 சதவீதமும் குறைந்திருந்தன. இத்தகைய முயற்சி நடைபெறாத ஹோபார்ட் நகரோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். அங்கே அத்தகைய குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆண், பெண் இருபாலரையும் சேர்த்து ஆண்டு முழுவதும் கணக்கிட்டபோது குறைவு சிறிதாகவே இருந்தது. தற்செயல் என்று ஒதுக்க இயலாத அளவுக்கு அது உறுதிப்படவில்லை. குளிர்கால மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டபோது குறைவு பெரிதாகத் தெரிந்தது. புள்ளிவிவரம் நமக்கு இனிக்கும் பகுதியை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது மாணவர்க்கு அழகன்று. ஆயினும் காற்று தெளிந்ததில் ஐயமில்லை. அதனால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதற்கும் வலுவான சான்று உண்டு.

லிபி என்னும் சிற்றூர்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த கூட்னி ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூர் லிபி. அங்கே குளிர்காலத்து நுண்துகளில் பெரும்பகுதி கணப்பு அடுப்புகளிலிருந்தே வந்தது. 2005 முதல் 2007 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய அடுப்புகளை அகற்றினார்கள். இங்கே பெரும்பாலும் விறகை விடவில்லை. புகை குறைந்த புதிய விறகடுப்பையே வைத்தார்கள். வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு முதலில் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கழிவுச் சீட்டு வழங்கினார்கள். ஊரின் குளிர்கால நுண்துகள் அளவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

வீடுகளுக்குள்ளும் அளந்து பார்த்தார்கள். சராசரி நன்றாகவே குறைந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு வேறுபாடு இருந்தது. சில வீடுகளில் புதிய அடுப்பு வந்தும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஈர விறகை இட்டுக் காற்றுத் திறப்பை மூடினால் புதிய அடுப்பும் புகையவே செய்யும். கருவி மாறினால் போதாது. கையும் பழக வேண்டும்.

மானியம் பலிக்க மூன்று நிபந்தனைகள்

இவ்விரண்டு ஊர்களின் அனுபவத்தையும் பிற திட்டங்களையும் ஒப்பிட்டு நோக்கினால் மூன்று நிபந்தனைகள் புலப்படுகின்றன.

முதலாவது, பழைய அடுப்பு அழிய வேண்டும். கழற்றிய அடுப்பை அடுத்த ஊர்க்காரருக்குப் பாதி விலைக்கு விற்றுவிட்டால் புகை இடம் மாறுமே தவிர ஒழியாது. அதனால்தான் பழைய அடுப்பை ஒப்படைத்ததற்கோ உடைத்து இரும்பாக்கியதற்கோ சான்று காட்டினாலே மானியம் என்று பல திட்டங்கள் விதிக்கின்றன. நல்ல நிலையிலுள்ள பொருளை உடைப்பது வீண் என்று தோன்றலாம். உண்மையில் அரசு விலைக்கு வாங்குவது புதிய அடுப்பை அன்று. பழைய அடுப்பின் அழிவையே.

இரண்டாவது, கையில் பணமில்லாதவருக்கும் மானியம் எட்ட வேண்டும். "முதலில் முழுத்தொகையும் செலவிடுங்கள், பிறகு திருப்பித் தருவோம்" என்றால் வசதியுள்ளவர் மட்டுமே பயனடைவர். அமெரிக்காவில் 2023 முதல் 2025 இறுதி வரை நடைமுறையில் இருந்த வருமானவரிச் சலுகையைப் பாருங்கள். திறன்மிக்க விறகடுப்புக்கும், பின்னர் விளக்கப்போகும் வெப்பப் பம்புக்கும் ஆகும் செலவில் 30 சதவீதத்தை, ஆண்டுக்கு 2,000 டாலர் வரை, வரியில் கழித்துக்கொள்ளலாம். 4,000 டாலர் செலவானதாகக் கொள்வோம். கழிவு 1,200 டாலர். ஆனால் செலுத்த வேண்டிய வரி 300 டாலரே என்றால் அக்குடும்பத்துக்குக் கிட்டுவது 300 தான். வரியே இல்லாத ஏழைக்கு எதுவுமில்லை. மிகப் பழைய அடுப்பு யார் வீட்டில் இருக்குமோ அவருக்கு மிகக் குறைந்த உதவி! லிபியில் ஏழைகளிடமிருந்து தொடங்கியதன் சிறப்பு இப்போது விளங்கும்.

மூன்றாவது, நாளைய செலவையும் எண்ண வேண்டும். அடுப்பு ஒருமுறை வாங்குவது. எரிபொருள் நாள்தோறும் வாங்குவது. காட்டில் விறகு பொறுக்கியவரை மின்கட்டணம் கட்டச் சொன்னால், இரண்டு மாதத்தில் பழைய வழிக்கே திரும்பக்கூடும். இங்கு வெப்பப் பம்பு என்னும் கருவி கைகொடுக்கிறது. குளிர்சாதனப் பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறம் தள்ளுவதை நாம் அறிவோம். அதுபோல இக்கருவி வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் தள்ளுகிறது. வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், மிதமான குளிரில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பம் கிட்டுகிறது. கடுங்குளிரில் இப்பயன் குறையும். ஆகவே எந்த ஊருக்கு எந்தக் கருவி என்பதை அவ்வூரின் குளிரும் மின்கட்டணமுமே தீர்மானிக்க வேண்டும்.

எதிர்வாதங்கள்

"மரம் மீண்டும் வளரும், நிலக்கரியும் எண்ணெயும் வளரா. ஆகவே விறகே சிறந்தது" என்பர் சிலர். எரிபொருள் வளம் பற்றிய வாதமாக இது கருதத்தக்கதே. ஆனால் நுரையீரலுக்குள் போகும் துகள், தான் வளரும் மரத்திலிருந்து வந்ததா என்று பார்த்து நலம் செய்வதில்லை. "புயலில் மின்சாரம் நின்றால் விறகடுப்புதானே உயிர் காக்கும்?" என்பர் வேறு சிலர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. பனிப்புயலில் பல நாள் மின்சாரமின்றித் தவிக்கும் மலையூர்களுக்கு லிபியின் வழி, அதாவது நல்ல விறகடுப்பும் உலர்ந்த விறகும், ஏற்றதாக இருக்கலாம். நகரங்களுக்கு லான்செஸ்டன் வழி பொருந்தலாம். ஒரே மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது.

நமக்கு உரிய பாடம்

நம் நாட்டிலும் இதே வினா சமையலறை வழியே வந்தது. ஊதாங்குழலும் கண்ணீருமாகக் காலம் கழித்த பாட்டியரை நாம் பார்த்தவர்கள். ஏழைக் குடும்பப் பெண்களுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016 மே 1 ஆம் நாள் தொடங்கியது. இணைப்பு வீடு வந்து சேர்ந்தது; ஆனால் அடுத்தடுத்த சிலிண்டரின் விலை பல குடும்பங்களை மீண்டும் விறகின் பக்கம் திருப்பியது. 2022 இல் இத்திட்டப் பயனாளிகளுக்குச் சிலிண்டர் ஒன்றுக்கு 200 ரூபாயும், 2023 அக்டோபரில் 300 ரூபாயும் மானியம் என அறிவிக்க நேர்ந்தது. மூன்றாவது நிபந்தனையின் உண்மைக்கு நம் வீட்டு வாசலிலேயே உள்ள சான்று இது.

முடிவுரை

அடுப்பு ஒருவருடையது, காற்று எல்லாருடையது. ஆகவே அடுப்பை மாற்றப் பொதுப்பணம் செலவிடுவது முறையே. ஆனால் பணம் கொடுத்ததோடு கடமை முடிந்துவிடாது. பழையது அழிந்ததா, ஏழைக்கு எட்டியதா, நாளையும் எரிக்க இயலுமா என்று மூன்று கேள்விகளைக் கேட்காத மானியம், ஈர விறகைப் போன்றது; செலவாகும், ஆனால் சூடு தராது. நாளை நம்மில் சிலர் அலுவலராகவும் ஆசிரியராகவும் ஆட்சிமன்ற உறுப்பினராகவும் ஆகக்கூடும். ஏதேனும் ஒரு மானியக் கோப்பு மேசைக்கு வரும் நாளில், ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று மட்டும் பாராமல், யார் வீட்டில் புகை நின்றது என்றும் கேட்போமாக.